மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் வருகிறார்

கூடத்துச் சுவரில் விட்டத்திலிருந்து தரை வரை விரிசல். சாயங்கால வெயில் அதன் வழியே நுழைந்து, எதிரே ஓடும் டிவியின் மேல் நெடுங்கோடாக விழுகிறது. திரையில், வீட்டு மதிப்பீட்டாளர் சங்கத் தலைவரின் முகம் இரண்டாகப் பிளந்து சிரிக்கிறது. கடனுக்காக வீடுகளை மதிப்பிடுகிறவர்கள் இனிப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டுமென்று வரப்போகும் சட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. "எங்களுக்கு எதுக்குங்க பரீட்சை? ஒரு பார்வை போதும்." பார்வையாம் பார்வை. ஸ்டூலில் நிற்கிறாள் வீட்டுக்காரி. கரண்டிக் காம்பால் விரிசலுக்குள் சிமெண்டைத் திணிக்கிறாள். அது மறுபக்கம் போய்ச் சாக்கடையில் சொத்தென்று விழுகிறது. இந்த வீட்டைப் பார்த்து நல்ல வீடு என்று எழுதிக் கொடுத்தவரும் இதே தலைவர்தான். அன்று வாசலில் கார் நின்றது, கண்ணாடி இறங்கியது, செல்போன் ஒரு படம் எடுத்தது, கண்ணாடி ஏறியது. அதை நம்பித்தான் வங்கி கடன் கொடுத்தது, இவர்களும் வாங்கினார்கள். அவள் முகத்தைப் பார்த்த கணவன் மெதுவாக ரிமோட்டை எடுக்கிறான். "அணைச்சிடட்டுமா?" அவள் திரும்பவில்லை. காம்பு சுவருக்குள் இன்னும் ஆழமாகப் போகிறது. "வேணாம், இருக்கட்டும். இன்னிக்குத்தான் மனுஷன் வீட்டுக்குள்ள வந்திருக்கார். நல்லா பார்த்துட்டுப் போகட்டும்."