அத்தைக்கு ஓர் அறை

குணாளன் கான்ட்ராக்டர் அனுப்பிய மதிப்பீட்டுத் தாளை மூன்றாவது முறையாகப் படித்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கண்களையும் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“எண்பதாயிரம் வெள்ளி கேக்குறாரு சோங்” என்றான் மனைவியிடம். “வீட்டுக்குன்னு எடுத்து வெச்சிருக்கிறதே நாப்பதுதான்.”

பிரேமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்பதா? குளுவாங் மாதிரி ஊரில் சமையலறையைப் பின்னால் பத்தடி இழுத்து ஒரு சின்ன அறை போட எவராவது எண்பதாயிரம் கேட்பார்களா? அவள் சோங்கிடம் ஏற்றிப் போடச் சொன்னது இருபதுதானே!

ஆமாம், சொன்னவள் அவள்தான். மாமனாரின் பதினாறாம் நாள் படையலில், அத்தனை சொந்தபந்தமும் கேட்க, “அம்மா இனிமே என் வீட்டுலதான்” என்று குணாளன் வாக்குக் கொடுத்துவிட்டான். அத்தைக்கோ முட்டிவலி, மாடி ஏற முடியாது. கீழே ஓர் அறை கட்டியே ஆகவேண்டும்.

அத்தை ஒரு வாரம் வந்து தங்கினாலே மசாலா டப்பாக்கள் இடம் மாறும், குழம்பில் புளி ஏறும், பிரேமளாவுக்கு மண்டையிடி வரும். இதில் அறையும் கட்டி, காலத்துக்கும் வைத்துக்கொள்வதா? அளவெடுக்க வந்த கான்ட்ராக்டர் சோங்கைப் பின்சந்துக்குத் தனியாகக் கூட்டிப்போனாள்.

“நாப்பதுக்குள்ள முடிச்சிடலாம், தங்கச்சி” என்றார் சோங். ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர் அவர்; ஊருக்கு அவர் ‘தவுக்கே’, அதாவது முதலாளி.

“தவுக்கே, அறுபதுன்னு எழுதிக் குடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்.”

சோங் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது, தன் ஊரான லாபிஸிலிருந்து வந்து கூடத்து நாற்காலியில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த அஞ்சலை அத்தை நிமிர்ந்தார்.

“கேட்டுச்சுய்யா. எண்பதெல்லாம் ரொம்ப அநியாயம். வேணாம் விடு, நான் லாபிஸ்லயே இருந்துக்கிறேன்.”

“ஒண்டியா எப்படிம்மா இருப்பே?” என்றான் குணாளன்.

“பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா அப்பப்ப எட்டிப் பாக்குது. எனக்கென்ன கொறை? சாயங்கால பஸ்ஸுக்கே ஏத்தி விட்டுடு.”

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, விடிகிறவரைக்கும் எழ முடியாமல் ஈரத் தரையிலேயே கிடந்த மனுஷி. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த பச்சைத் துணியை உதறி மடித்து மருமகளிடம் நீட்டினார்.

“புது ரூம்பு சன்னலுக்குன்னு சோங் சொன்ன அளவுல தச்சேன். உனக்குப் பச்சைதானே புடிக்கும்? வெட்டிச் சமையக்கட்டுல மாட்டிக்கம்மா, வீணாப் போக வேணாம்.”

பிரேமளாவுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. அந்தத் திரைச்சீலையைக் கையில் வாங்கவே கூசியது. புளி கூடிப்போனால் என்ன, டப்பா இடம் மாறினால்தான் என்ன? நாளைக்கு அங்கே மறுபடி விழுந்து வைத்தால், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

“என்னங்க, வேற ஆளு யாரையாச்சும் வெலை கேட்டுப் பாப்பமா?” என்றாள் தயங்கித் தயங்கி.

“வேணாம், வேணாம்!” என்றான் குணாளன் அவசரமாக. “சோங்கை விட நியாயமான ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா? அவரே எண்பதுன்னா மத்தவன் நூறு கேப்பான்.”

இரவுச் சந்தையில் ஒரு கட்டு கங்கோங் கீரைக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் மல்லுக்கட்டுகிறவன், எண்பதாயிரத்துக்கு ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. மனுஷன் மனசு விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டாள் பிரேமளா. பெற்றவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டவன் தலையில் மண்ணை வாரிப் போட்டவள் நான்தானே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

“தவுக்கே, தப்புப் பண்ணிட்டேன். நான் ஏத்தச் சொன்னதை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு அனுப்புங்க. அத்தைக்கு ரூம்பு கட்டியே ஆகணும்.”

“நல்லது தங்கச்சி, ரொம்ப நல்லது. அறுபதுன்னு போட்டு இப்பவே அனுப்பிடறேன்.”

பிரேமளாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “அறுபதா? நாப்பதுன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க! நான் இருபது ஏத்தச் சொன்னா, சந்தடி சாக்குல நீங்களும் ஒரு இருபதை ஏத்திக்கிட்டீங்களா? வயசானவங்க விஷயத்துல இப்படிப் பண்ண உங்களுக்கு வெக்கமா இல்ல?”

கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்று உறைத்தது. சன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். குணாளன் அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அம்மாவின் முகத்தை மட்டும் அவன் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

மறுமுனையில் சோங் பதறினார்.

“ஐயோ, எம்மேல பழி போடாதே லா. நான் ஒரு காசு ஏத்தல. சொல்லக் கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க, அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

“யாரு, அத்தையா?”

“இல்ல தங்கச்சி. அந்த இருபது, உன் வீட்டுக்காரர் ஏத்தச் சொன்னது.”