பதவி உயர்வு

"சோபாவுக்கு அடியிலயும் துடைங்க. தூசி அங்கதான் குடித்தனம் நடத்துது. சாயங்காலம் விருந்தாளிங்க வர்றாங்க."

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் சொன்னாள். துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது.

"கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?"

"முதல்ல பக்கெட் தண்ணிய மாத்துங்க. ஒரே சேறு!"

எல்லாம் தன் வாய்க்கொழுப்புதான் என்று துடைத்தவள் பல்லைக் கடித்தாள். மாதர் சங்கத் தலைவியாக மேடையேறி, "வேலைக்காரி என்ற சொல்லையே ஒழிப்போம்!" என்று முழங்கியவள், அங்கேயே தன் வீட்டு வேலைக்காரிக்கு 'இல்ல நிர்வாகி' என்று பட்டமும் சூட்டியிருந்தாள். நிர்வாகி மறுநாளே நாற்காலியைப் பிடித்துவிட்டாள்.

"ஏம்மா, நீ பழையபடி வேலைக்காரியாவே இருந்துடேன்!" தலைவி கெஞ்சினாள்.

"ஐயையோ, அந்த வார்த்தையைத்தான் ஒழிச்சிட்டீங்களேம்மா!" என்ற நிர்வாகி, இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். "இங்கயும் துடைச்சிடுங்க."