வண்டி மறக்க வேண்டிய சாவி

ஏரியிலிருந்து கணவரின் உடலை எடுத்தபோது சட்டைப் பையில் கார் சாவி இல்லை. அதன் பிறகு இருபது நாட்களாக, உள்பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டுப் படுத்த கார் விடியும்போது திறந்தே கிடந்தது. சாவி யார் கையிலோ சிக்கியிருக்கிறது என்று பயந்து, அவள் சாவிக்காரரை வரவழைத்தாள்.

"பழைய சாவியை அழிச்சிடுங்கண்ணா. புதுசா ரெண்டு போதும்."

"அழிச்சிடலாம்மா. வண்டி என் வீட்டுக்காரி மாதிரி இல்ல. மறக்கச் சொன்னா மறந்துடும்."

அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கருவியைப் பொருத்தி, பழைய சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்தார். கருவியின் திரையில் சாவிகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது. அடுத்த அரை நிமிடத்துக்குள் அருகில் எந்தச் சாவியை அழுத்தினாலும் வண்டி அதை ஏற்றுக்கொண்டு ஒருமுறை விளக்கைச் சிமிட்டும். அவர் முதல் சாவியை அழுத்தினார். சிமிட்டியது. இரண்டாவதை அழுத்தினார். சிமிட்டியது. இரண்டையும் பானெட் மேல் வைத்தார். வண்டி இன்னொரு முறை சிமிட்டியது.

திரையில் மூன்று என்று இருந்தது.

"வேற சாவி ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?"

"இல்லண்ணா."

தெருவில் யாரும் இல்லை. எந்தச் சாவியை அழுத்துகிறார்களோ, அதற்குரியவரின் உயரத்துக்கு ஏற்ப இருக்கை தானாக நகரும் வண்டி அது. இருக்கை அவளையும் சுமந்துகொண்டு மெதுவாகப் பின்னால் போனது. அவள் பாதங்கள் பெடலை விட்டு விலகின.

"பயப்படாதீங்கம்மா, மறுபடி அழிச்சிடுறேன்."

"வேண்டாம்ணா. அவருக்குக் கால் நீளம்."

அவள் இறங்கினாள். கதவைச் சாத்தாமல், சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.