மன்னிக்கும் மெஷின்

மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது. விதுரியின் பெயர் இருந்தது, கம்பெனி முத்திரை இருந்தது. காரணமும் தேதியும் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. டைரக்டர் பாக் புர்வந்தோ அதை அவள் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்திருந்தார்.

மூன்று கடிதம் வாங்கினால் வேலை போய்விடும். அந்த பாட்டில் மூடி கம்பெனியில் அதுதான் சட்டம். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் விதுரிக்கு ஏற்கனவே இரண்டு வந்தாயிற்று. ஒன்று, ரயில் நடுவழியில் நின்று நான்கு நிமிடம் தாமதமானதற்கு. இன்னொன்று, அவருக்கு எழுதிய மெயிலில் ‘மதிப்பிற்குரிய’ விட்டுப்போனதற்கு.

“நாளையிலேர்ந்து லெபரான் பெருநாள் லீவு. தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுங்கன்னு நூத்தி நாப்பது பேரும் மெயில் போடுவாங்க,” என்றார் புர்வந்தோ. “நான் பத்து நாள் பாலியில இருப்பேன். அங்க உக்காந்து ஒவ்வொருத்தரா மன்னிச்சுக்கிட்டு இருக்க முடியுமா? நீதான் மன்னிக்கணும்.”

“நானா, பாக்?”

“உன் சர்வர்! மெயில் வந்த நிமிஷமே பதில் போகணும். ஆனா மெஷின் போட்டதுன்னு ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. எழுதிக்க.”

அவர் சொல்லச் சொல்ல விதுரி எழுதினாள். ‘நீங்கள் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். என் மனதில் துளியும் வருத்தமில்லை. முழுமனதோடு மன்னித்துவிட்டேன். இதைப் பற்றி இனி ஒரு பேச்சும் வேண்டாம்.’

நோன்புப் பசியை அடக்குவதைவிடச் சிரிப்பை அடக்குவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த மனிதரிடம் மன்னிப்பு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

“பாக், வாழ்த்து மெயிலுக்கு மட்டும் போனா போதுமா? வேற யாராவது முக்கியமா ஏதாவது எழுதினா...”

“லெபரான்ல எவன் வேலை மெயில் போடுவான்? மேல, கீழ, உள்ள, வெளிய, எல்லாருக்கும் போகணும். வர்ற மெயில் எதுவும் என் கண்ணுல படக் கூடாது. தனியா ஒரு மூலையில கொட்டி வை. ஒருத்தருக்குப் பதில் போகலேன்னாலும்...” கடிதத்தை விரலால் தட்டினார்.

சர்வரில் நாலே வரி வேலை. முடித்துவிட்டு விதுரி சொந்த ஊரான சோலோவுக்கு ரயிலேறினாள். அம்மா வீட்டில் கெத்துப்பாட் சோற்றுக் கட்டியைக் கோழிக் குழம்பில் தோய்த்து வாயில் போடும்போதும் ஒரு கண் போனில்தான் இருந்தது. அவள் சம்பளத்தில்தான் தம்பி நர்சிங் படிக்கிறான். மெஷின் மன்னிக்கத் தவறினால் அவன் படிப்பும் போச்சு.

மெஷின் தவறவில்லை.

லீவு முடிந்து முதல் நாள், வழக்கம்போல் கேன்டீனில் எல்லோரும் வரிசையாக நின்று, கைகொடுத்து, நேரிலும் மன்னிப்புக் கேட்டார்கள். பாலி வெயிலில் கறுத்த முகமும் புது பாத்திக் சட்டையுமாக புர்வந்தோ மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

ஸ்டோர் கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. “தொழுகைக்குக் கிளம்புற நேரத்துலயும் எனக்கு உடனே பதில் போட்டீங்களே, பாக்! என் பொண்டாட்டி அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கா.”

“நீங்கல்லாம் என் பிள்ளைங்கப்பா. ஒவ்வொண்ணையும் நானே படிச்சேன்,” என்றார் புர்வந்தோ, கூசாமல். விதுரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாக வந்த வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். “எனக்கு மட்டும் பதிலே வரலியே, பாக்?”

புர்வந்தோவின் சிரிப்பு மறைந்தது. விதுரியை ஓரமாக அழைத்து, சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.

“பாக், அவர் உங்க அட்ரஸைத் தப்பா அடிச்சிருப்பாரு. மெயிலே நம்ம சர்வருக்கு வரலை...”

“நான் உன்கிட்ட காரணம் கேக்கல. நானே எழுதிக்கிறேன்.” பேனாவைத் திறந்து காரணத்தை எழுதினார். தேதி போட அவர் கையை நகர்த்தும்போது வாசலில் கார் வந்து நின்றது.

கம்பெனியின் முதலாளியம்மா இபு அம்பர்வதி வந்தார். கூடவே யாரோ ஒரு புது ஆள். புர்வந்தோ பேனாவும் கையுமாக ஓடினார். இபு அந்தக் கையை அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பயந்துகிட்டேதான் எழுதினேன், பாக். வாழ்த்துல ஆரம்பிச்சு, எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடிச்சுட்டேன். நீங்க குதிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நான்... எதுக்கு இபு குதிக்கணும்?”

“அதான் உங்க பெரிய மனசு!” இபு கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, கூட வந்தவரை முன்னால் இழுத்துவிட்டார். “இவர்தான் இன்னையிலேர்ந்து நம்ம புது டைரக்டர்.”

புர்வந்தோ விதுரியைத் திரும்பிப் பார்த்தார். ‘அது மெஷின்’ என்ற வார்த்தை அவர் நுனிநாக்கு வரை வந்துவிட்டது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நூற்று நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வார்த்தையை விழுங்கிவிட்டு, “இபு, எனக்குக் கொஞ்சம் யோசிக்க டைம்...” என்றார் புர்வந்தோ.

“யோசிச்சு ஆட்சேபம் சொல்லத்தானே முழுசா பத்து நாள் குடுத்திருந்தேன்? நீங்கதான் ஒரே நிமிஷத்துல மன்னிச்சுட்டீங்களே!”