நியூ வெள்ளைத்தாய் மெஸ்

குழம்பில் மொச்சை கிடந்தது.

அவள் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ஆட்டுக்கறிக் குழம்பில் அவள் ஒருநாளும் மொச்சை போட்டதில்லை. ஆனால் வாசலில் தொங்கும் பலகையில் இருப்பது அவள் பெயர்.

வெள்ளைத்தாய்.

முன்னால் ஒரு 'நியூ'. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்னதாக.

அதே மஞ்சள் பலகை. அதே சிவப்பு எழுத்து. அவள் கடையில் அவள் படம் இருக்கும் இடத்தில், இங்கே யாரோ ஒரு அம்மாளின் படம்.

கோவில்பட்டி பைபாஸில் இப்படி மூன்று கடைகள் முளைத்துவிட்டன. ஒன்று 'ஸ்ரீ வெள்ளைத்தாய்'. இன்னொன்று 'வெள்ளைத்தாயம்மாள்'. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் அவள் கடையைத் தேடி வருகிறவர்கள், பலகையைக் கண்டதும் இதுதான் என்று வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு, வெள்ளைத்தாய் கடை முன்னே மாதிரி இல்லை என்று ஊரில் போய்ச் சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சுதான் அவளைச் சுட்டது.

மகன் கருணாகரன் வக்கீலைப் பார்த்துவிட்டான். மூன்று கடைக்கும் நோட்டீஸ் தயார். அது போவதற்கு முன்னால் தானே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து வந்தாள்.

முதல் இரண்டு கடையிலும் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவள் குழம்பைப் போலச் செய்கிறேன் என்று மிளகை அள்ளிக் கொட்டி வைத்திருந்தார்கள். நோட்டீஸ் போகட்டும் என்று எழுந்துவிட்டாள்.

இது மூன்றாவது கடை.

இங்கே மொச்சை.

வேண்டாவெறுப்பாகப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள்.

மெல்வதை நிறுத்தினாள்.

இது அவள் குழம்பு இல்லை. அவள் குழம்பைப் போலச் செய்ய யாரும் முயலவும் இல்லை. மொச்சை கறியின் சாற்றைக் குடித்துப் பருத்திருந்தது. நாக்கில் பட்டதும் தோல் விலகிக் கரைந்தது. காரம் முதலில் தெரியவில்லை. விழுங்கிய பிறகு மெதுவாகத் தொண்டைக்கு வந்து நின்றது.

கடை தொடங்கிய நாளிலிருந்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டதே குறைவு. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பதோடு சரி. இன்னொருத்தி சமைத்ததை இலை போட்டு, ருசித்துச் சாப்பிட்டது எப்போது என்று நினைவில்லை.

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

அப்போதுதான் கல்லாவில் இருந்த கடைக்காரன் ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தான். யாரென்று தெரிந்துவிட்டது. எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு அவள் மேசைக்கு அருகே வந்து நின்றான்.

கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். ஆவுடையப்பன் ஓட்டல் என்று தன் பெயரைப் போட்டு நாள் முழுக்க ஈ ஓட்டியதை. மிஞ்சிய குழம்பைத் தினமும் கீழே கொட்டியதை. பலகையை மாற்றிய அன்றே கார்கள் வந்து நின்றதை. தப்புதான் என்றான். இந்தக் கடையை விட்டால் வேறு வழியில்லை என்றான்.

அவள் மொச்சையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே கேட்டாள்.

"சமைச்சது யாரு?"

தன் மனைவி என்றான். கூப்பிடச் சொன்னாள்.

அடுப்படியிலிருந்து வந்தவள் சின்ன வயசுக்காரி. முந்தானையில் கையைத் துடைத்தபடி, ஏச்சு வாங்கத் தயாராக நின்றாள். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்புகள்.

மொச்சை போட யார் சொல்லிக் கொடுத்தது என்று வெள்ளைத்தாய் கேட்டாள். யாரும் இல்லை என்றாள் அவள். பிறந்த வீட்டில் ஆள் அதிகம், கறி குறைச்சல். எல்லார் தட்டுக்கும் காண வேண்டுமே என்று போட்டுப் பழகியதாம்.

"உங்க கடைல போட மாட்டாகளாம், போடாதன்னு இவுக சொன்னாக. எனக்குக் கை கேக்கலம்மா."

வெள்ளைத்தாய் சிரித்துவிட்டாள்.

"உம் பேரு என்ன தாயி?"

"முத்துப்பேச்சி."

"இம்புட்டு நல்லாச் சமைச்சிட்டு, பேர எனக்குக் குடுத்துட்டியே."

முத்துப்பேச்சிக்குக் கண் நிறைந்தது. ஆவுடையப்பன் தரையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம், இரண்டு கடைக்கு நோட்டீஸ் அனுப்பினால் போதும் என்றாள். மூன்றாவதை ஏன் விட வேண்டும் என்று அவன் சண்டைக்கு வந்தான். போய்ச் சாப்பிட்டுப் பார் என்றாள்.

ஆடி கழிந்ததும் பைபாஸில் ஒரு பலகை மாறியது.

முத்துப்பேச்சி மெஸ்.

பச்சை நிறம். படம் இல்லை.

கார்கள் வேகம் குறையாமல் போயின. அடுத்த நாளும் அப்படியே. கழற்றிய பழைய பலகையை வீசியெறிய மனமில்லாமல், ஆவுடையப்பன் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தான். முத்துப்பேச்சி அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தாள்.

வார முடிவில், தன் கடையில் கூட்டம் நெரியும் மதிய நேரத்தில், வெள்ளைத்தாய் கரண்டியை மகன் கையில் கொடுத்துவிட்டுப் பைபாஸுக்குக் கிளம்பினாள்.

உள்ளே ஃபேனுக்குக் கீழே இடம் இருந்தது. அவள் போகவில்லை. வாசலை ஒட்டி, ரோட்டிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற மேசையில் உட்கார்ந்தாள். அந்த வட்டாரத்தில் அவள் முகம் தெரியாதவர்கள் குறைவு.

முத்துப்பேச்சி ஓடி வந்து இலை போட்டாள்.

போய்க்கொண்டிருந்த கார் ஒன்று வேகம் குறைந்தது. கொஞ்சம் தள்ளி நின்றது. பிறகு பின்னால் வந்தது.

வெள்ளைத்தாய் மெதுவாகச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்த பிறகும், கை கழுவ எழுந்திருக்கவில்லை.