ஒஸ்லோவில் வெடித்த கண்ணாடிகள்

"ஒஸ்லோவிலை நான் ஹெவி மெட்டல் பாடேக்கை ஒரு கத்துக் கத்தினன் பாருங்கோ, முன்வரிசையிலை இருந்த ஐஞ்சு பேரின்ரை மூக்குக்கண்ணாடி வெடிச்சுப்போச்சு!" என்றார் பியாட்றிஸ்.

மானிப்பாய் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த போதகருக்குப் புரையேறியது. அவர் வந்தது, பியாட்றிஸின் கணவர் செல்வத்துரையைத் தேவாலயப் பாடகர் குழுவுக்குத் தலைவராக்க.

"உண்மையே, அண்ணை?" என்று அருகில் இருந்த செல்வத்துரையிடம் கேட்டார்.

"உவ சும்மா புளுகிறா, ஐயா. நோர்வேயிலை கோப்பை கழுவினதுதான் உவ செய்த வேலை," என்றார் செல்வத்துரை அவசரமாக.

"பாவம், வயது போனால் உப்பிடித்தான்," என்று போதகர் சிரித்தார்.

பியாட்றிஸ் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். செல்வத்துரைக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"நடந்தது, ஐயா. ஆனால் வெடிச்சது மூண்டு கண்ணாடிதான். உவவுக்குப் பின்னாலை இருந்து ட்ரம்ஸ் அடிச்ச நான் எண்ணினனான்."