கூடத்தில் ஒரு பன்றிப் பண்ணை

மகளின் பிளாஸ்டிக் கட்டைகளைக் கூடத்தில் பரப்பி, மூன்று நாளாக வெங்கடராகவன் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். இன்று அதற்குள் களிமண் பன்றிகளும் வந்துவிட்டன. மனைவி கோமளத்துக்குப் பொறுக்கவில்லை.

"என்னன்னா இது?"

"பன்னிப் பண்ணை."

"கருங்குழிக்கு ரெண்டு தடவை போனேளே, இதுக்குத்தானா?"

"ஆமாம். அடி அடியா அளந்துண்டு வந்தேன்."

கருங்குழியில் கோமளத்தின் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த அரை ஏக்கர் நிலம் இருந்தது.

"எங்கப்பா குடுத்த நிலத்துல பன்னி வளர்க்கப் போறேளா?"

அவர் ஒரு கட்டையை நகர்த்தினார்.

"அஞ்சலைன்னு ஒருத்தி உங்களைத் தேடிண்டு வந்தாளே. அவளும் இதுல கூட்டா?"

"பண்ணையே அவளோடதுதான். கோமளம், கொஞ்சம் குனிஞ்சு இந்த வாசல் வழியாப் பாரு. பின்னாடி இருக்கற வைக்கோல் போர் தெரியறதா?"

அவள் கோபத்தோடு குனிந்தாள். "தெரியல. கொட்டகை மறைக்கறது."

"நன்னாப் பார்த்துச் சொல்லு."

"தெரியலைன்னா தெரியல."

அவர் முகம் மலர்ந்தது. "அடுத்த நிலத்துக்காரனோட அந்தப் போருக்கு அஞ்சலை நெருப்பு வெச்சதை இந்த வாசல்ல நின்னு கண்ணால பார்த்தேன்னு ஒருத்தன் சாட்சி சொல்றான்."

மறுநாள் செங்கல்பட்டு கோர்ட்டில், வக்கீல் வெங்கடராகவன் மேஜைமேல் வைத்த பண்ணையை மாஜிஸ்திரேட் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார்.

வழக்கு ஆரம்பித்த நாளிலிருந்து தலை கவிழ்ந்தே நின்ற அஞ்சலை, கூண்டில் மெல்ல நிமிர்ந்தாள்.